எழுபத்தேழாம் பெட்டி

அத்தியாயம் மூன்று

திருடியது யார் என்று அறிக்கை ஏற்கெனவே முடிவு செய்துவிட்டிருந்தது. துப்பறிய வேண்டியவர்கள்தான் இன்னும் வந்து சேரவில்லை.

வந்து சேர்ந்தபோது காலை பதினொன்றரை. செவாலியே ஞானாதிக்கம் கலைக் கல்லூரியின் வாசலில் ஸ்கூட்டரை நிறுத்திய கன்னியப்பன் ஹெல்மெட்டைக் கழற்றாமலே அண்ணாந்து பார்த்தான். வளைவில் செவாலியே. காவலாளியின் சட்டைப் பையில் செவாலியே. தண்ணீர்த் தொட்டியின் வயிற்றில் செவாலியே. 'செவாலியே ஞானாதிக்கம் நினைவு ஆண்கள் கழிவறை' என்று எழுதிய கதவு ஒன்று பாதி திறந்து கிடந்தது.

“நாலெழுத்துப் பட்டத்த வெச்சிக்கிட்டு ஒரு லாரி பெயின்ட காலி பண்ணியிருக்காங்க மேடம்” என்றான்.

பின்னால் உட்கார்ந்திருந்த மேனகா இறங்கினாள். பதினெட்டு வருஷம் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் இருந்தவள். எரிந்துபோனதாகச் சொன்ன கடைகளைப் போய்ப் பார்த்து, எரித்த கை யாருடையது என்று கண்டுபிடித்துச் சொல்வதுதான் வேலை. சலித்துப்போய் அதை விட்டுவிட்டு, நெல்லித்தோப்பில் ஒரு மாவு மில்லின் மாடியில் துப்பறியும் நிலையம் திறந்திருந்தாள். கன்னியப்பன் அவளுடைய உதவியாளன். அதற்கு முன்பு அரியாங்குப்பத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தவன். அடுத்தவர் காகிதத்தைத் தலைகீழாக வைத்தாலும் படித்துவிடும் கெட்ட பழக்கம் அங்கே ஒட்டிக்கொண்டது. இப்போது அதற்குத் திறமை என்று பெயர்.

செயலாளர் ஜோசப் ஆனந்த், “பொன்ழூர்” என்று பிரெஞ்சில் வணக்கம் சொல்லி எழுந்து நின்றார்.

“வணக்கம்” என்றாள் மேனகா.

அவர் நிறுவனரின் பேரன். தலைக்கு மேலே சுவரில் தாத்தா எண்ணெய்ச் சாயத்தில் முறைத்துக்கொண்டிருந்தார். மார்பில் பதக்கம். கீழே பித்தளைத் தகட்டில், 'கல்விச் சேவைக்காகப் பிரெஞ்சு அரசு வழங்கிய செவாலியே பட்டம்.' பேரன் எதையும் வீணாக்காத மனிதர் என்பது மேஜையைப் பார்த்தாலே தெரிந்தது. பழைய கவர்களை உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி ஒட்டி அடுக்கியிருந்தார். மூலையில் பளபளக்கும் அட்டைப் பெட்டிகள் பதினெட்டு. விழாவுக்கு வருகிறவர்களுக்கான நினைவுப் பரிசு. உள்ளே தாத்தாவின் மார்பளவு பொம்மை.

கன்னியப்பன் மூக்கை இரண்டு முறை உறிஞ்சினான்.

“சார், வீட்ல கைக்குழந்தை ஏதாச்சும் இருக்குதா?”

“என்னது?”

“இல்ல, ரூமுக்குள்ள வரசொல்லவே பிள்ளை பெத்த வீட்டு வாசனை அடிச்சிது.”

“எனக்கு அறுபத்திரண்டு வயசு. பிள்ளைங்க ரெண்டு பேரும் வெளிநாட்டுல, லியோன்ல இருக்காங்க.”

“அப்ப பேரப்பிள்ளை வாசனை பிளைட்டுல வந்திருக்கும்.”

மேனகா அவன் செருப்பின் மேல் தன் செருப்பை வைத்து அழுத்தினாள்.

“விஷயம் சின்னது” என்றார் ஜோசப் ஆனந்த். “எங்க ஆவணக் காப்பகத்துல திங்கட்கிழமை காலைல ஒரு பெட்டியைக் காணோம். எழுபத்தேழாம் நம்பர். எங்க தாத்தாவோட செவாலியே கடிதங்கள் எல்லாம் அதுலதான் இருந்தது. அறைக்கு ரெண்டு சாவி. ஒண்ணு என்கிட்ட. இன்னொண்ணு காப்பகத்தைப் பார்த்துக்கற லூர்துசெல்விகிட்ட. நான் எடுக்கலை. மீதிய நீங்களே புரிஞ்சுக்கலாம்.”

“நீங்க எடுக்கலைன்னு யார் சொன்னாங்க?”

“நான்தான் சொல்றேன்.”

“சாட்சி பலமாத்தான் இருக்குது மேடம்” என்றான் கன்னியப்பன்.

செயலாளர் அதைக் காதில் வாங்காமல் இரண்டு தாள்களை நகர்த்தினார். மேனகாவின் அறிக்கை. மேனகா எழுதாத அறிக்கை. கல்லூரியின் விலைமதிப்பற்ற கடிதங்களை லூர்துசெல்வி வெளியே விற்றுவிட்டாள் என்றும், 'பெற்ற தாய் போன்ற நிறுவனத்துக்குச் செய்த இந்தத் துரோகத்துக்கு மன்னிப்பே கிடையாது' என்றும் நல்ல தமிழில் தட்டச்சு செய்யப்பட்டிருந்தது. கீழே கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தார்கள்.

“நாலு மணிக்கு வரலாற்றுக் கூடம் திறக்கறோம். பாரீஸ்லேருந்து விருந்தினர் வர்றார். மூணு மணிக்குள்ள நீங்க கையெழுத்துப் போட்டா, வேலைநீக்க உத்தரவ குடுத்துட்டு, போலீஸ்ல புகாரும் குடுத்துடலாம். எங்க ஆளே எழுதினா பழி வாங்கறோம்னு பேசுவாங்க. வெளியாள் கையெழுத்துன்னா அதுக்கு ஒரு கௌரவம்.”

மேனகா தாள்களை மடித்துக் கைப்பையில் வைத்தாள். காப்பகத்தின் சாவியைக் கேட்டாள்.

“தாராளமா பாருங்க. அந்தப் பொம்பளைய மட்டும் உள்ள விடாதீங்க.”

“குற்றவாளிய சம்பவ இடத்துக்குக் கூட்டிட்டுப் போறதுதான் சார் வழக்கம். அறிக்கைல ஒரு பத்தி கூடும்” என்றாள் மேனகா.

ஒரு பத்தி கூடும் என்றதும் அவர் முகம் மலர்ந்தது. லூர்துசெல்வியிடமிருந்து வாங்கி வைத்திருந்ததையும் சேர்த்து இரண்டு சாவிகளையும் எடுத்துக் கொடுத்தார்.

லூர்துசெல்வி மாடிப்படிக்குக் கீழே, விழாவுக்கு வந்திருந்த வாடகை நாற்காலிகளுக்கு நடுவில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். நாற்பத்தைந்து வயது இருக்கும். காலை எட்டு மணியிலிருந்து அங்கேயேதான் இருக்கிறாளாம். வீட்டுக்குப் போகவும் சொல்லவில்லை, உள்ளே வரவும் சொல்லவில்லை. மடியில் சாப்பாட்டு டப்பா திறக்காமல் இருந்தது.

“வேலை போனா போவுது மேடம்” என்றாள். “பதிமூணு வருஷமா கான்ட்ராக்டுதான், என்னிக்கி வேணா போவும்னு தெரியும். ஆனா திருடின்னு எழுதியிருக்காங்களாமே. ஞாயித்துக்கிழமை நெல்லித்தோப்பு மாதா கோயில்ல நான் எந்த பெஞ்சுல போய் உக்காருவேன்?”

சொல்லும்போது குரல் உடையவில்லை. அதுதான் கன்னியப்பனுக்கு என்னவோ செய்தது. கைவசம் இருந்த நகைச்சுவையை அவன் அப்படியே விழுங்கினான்.

“பெட்டி காணோம்னு முதல்ல சொன்னது யார்?” மேனகா கேட்டாள்.

“நான்தான். திங்கட்கிழமை கதவத் தொறந்தேன், எழுபத்தாறு இருக்கு, எழுபத்தெட்டு இருக்கு, நடுவுல சந்து. மஞ்ச அட்டையும் இல்ல.”

“அது என்ன அட்டை?”

“யார் பெட்டிய எடுத்தாலும் அந்த இடத்துல ஒரு மஞ்ச அட்டை வெக்கணும் மேடம். பேரு, தேதி, காரணம், கையெழுத்து. பிரின்சிபாலே எடுத்தாலும் உடமாட்டேன். அட்டை இல்லாம பெட்டி போனா, அது திருட்டு. அதான் ஓடிப்போய் செயலாளர் சார்கிட்ட சொன்னேன். சொன்னவளே திருடின்னுட்டாரு.”

“அதுல என்ன இருந்ததுன்னு உங்கள கேட்டாங்களா?”

“யாரும் கேக்கல.”

மேனகா அறிக்கையை எடுத்துக் கன்னியப்பனிடம் கொடுத்தாள். அவன் கோயிலில் வாசகம் படிக்கிற குரலில் படித்தான். “பெட்டி எண் எழுபத்தேழில் பாதுகாக்கப்பட்டிருந்த நிறுவனரின் செவாலியே கடிதங்கள்...”

“எழுபத்தேழுலயா?” லூர்துசெல்வி நிமிர்ந்தாள். “அது ஊர் சேகரிப்பு ஆச்சே. புயல் பெட்டி. செவாலியே கடுதாசிக்கும் அதுக்கும் இன்னா சம்பந்தம்?”

மேனகாவின் வலது புருவம் உயர்ந்தது. இன்ஷூரன்ஸ் காலத்தில் அந்தப் புருவம் உயர்ந்தால் மறுநாள் ஏதோ ஒரு கடைக்காரர் வக்கீலைத் தேடுவார் என்று பேச்சு.

“அந்தக் கடிதங்கள சமீபத்துல யாராவது கேட்டாங்களா?”

“காரைக்கால்லேருந்து அஞ்சலின்னு ஒரு பொண்ணு. ஆராய்ச்சி பண்ணுது. போன வியாழக்கிழமை எழுதிக் குடுத்துச்சு. செயலாளர் கையெழுத்துக்கு அனுப்பினேன், இன்னும் திரும்பி வரல.”

“வியாழன் கேக்கறாங்க, திங்கள் காணோம்” என்றான் கன்னியப்பன். “நடுவுல சனி, ஞாயிறு லீவு. திருடனும் கவர்மென்ட் காலண்டர் பாத்துதான் வந்திருக்கான்.”

மூவரும் மாடி ஏறினார்கள்.

காப்பகம் என்பது ஒரு நீளமான அறை. இரும்பு அலமாரிகளில் சாம்பல் நிறப் பெட்டிகள். ஒவ்வொன்றிலும் கம்ப்யூட்டரில் அச்சடித்த பெரிய எண். ஒரு பக்கம் குடும்பங்கள் கொடுத்த சொந்தக் காகிதங்கள், நிறுவனருடையதும் சேர்த்து. மறுபக்கம் ஊர் வரலாறு: பழைய நோட்டீஸ்கள், மனுக்கள், வரைபடங்கள். சன்னலோரம் சின்னச் சின்ன இழுப்பறைகளில், எது எங்கே இருக்கிறது என்று சொல்லும் அட்டைகள். எல்லாம் கையால் எழுதியவை. முதன்முதலில் காப்பகத்தை ஒழுங்கு செய்த அந்தோணி முசே, பிரெஞ்சு வழக்கில் அந்தோணி ஐயா, எழுதியது. அவர் கல்லறைக்குப் போய் ஒன்பது வருஷமாகிறது.

மேனகா நிறுவனரின் அட்டையைத் தேடி எடுத்தாள். ஞானாதிக்கம், செவாலியே, கடிதங்கள் என்று பிரெஞ்சில் எழுதியிருந்தது. மூலையில் பெட்டி எண்.

“படி, கன்னியப்பா.”

“எழுபத்தேழு.”

“எனக்கும் அப்படித்தான் தெரியுது” என்றாள் மேனகா.

லூர்துசெல்வி அட்டையை வாங்கிப் பார்த்தாள். அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்தாள். “பதினொண்ணு மேடம் இது.”

“இதுவா?”

“பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்துல படிச்ச கை. ஒண்ணுக்குத் தலைலேருந்து நீளமா ஒரு கோடு இறங்கும். பாத்தா நம்ம ஏழு மாதிரியே இருக்கும். அவங்க ஏழுக்கு இடுப்புல குறுக்கா ஒரு கோடு போடுவாங்க. இந்தாங்க, பாருங்க.” இன்னொரு இழுப்பறையிலிருந்து புயல் பெட்டியின் அட்டையை எடுத்துக் காட்டினாள். இரண்டு ஏழு, இரண்டுக்கும் இடுப்புக் கயிறு. “புதுசா வர்றவங்க எல்லாருமே தப்பான பெட்டியத்தான் தூக்கிட்டு வருவாங்க. அதனாலதான் பெட்டிங்களுக்கு அச்சடிச்ச நம்பர் ஒட்டினேன். அட்டைய மட்டும் மாத்தல. முசே எழுத்தாச்சேன்னு விட்டுட்டேன்.”

“அப்படின்னா பதினொண்ணு எங்க?”

அது எங்கும் போகவில்லை. இருக்க வேண்டிய இடத்தில், பத்துக்கும் பன்னிரண்டுக்கும் நடுவில், சமர்த்தாக உட்கார்ந்திருந்தது.

லூர்துசெல்வி மூடியைத் திறந்தாள். கடிதங்கள். அவற்றின் மேல் வெள்ளைத் துணியில் முடிந்த ஒரு சின்ன மூட்டை. அவள் கடிதங்களை ஒவ்வொன்றாகப் படித்துத் தமிழில் சொன்னாள். முதல் கடிதத்தில் நிறுவனர் தனக்குப் பட்டம் வேண்டும் என்று மனுப் போடுகிறார். மறுப்பு. இரண்டாவது மனு. மறுப்பு. மூன்றாவது மனுவில் சரி என்கிறார்கள். கண்காட்சியில் முதல் பரிசு வாங்கிய நாற்பத்திரண்டு சீமைப் பன்றிகளை வளர்த்ததற்காக, விவசாயத் துறையின் செவாலியே.

கன்னியப்பன் சுவரில் சாய்ந்தான். “பன்னி வளத்ததுக்கா? கீழ பித்தளைல கல்விச் சேவைன்னு போட்டிருக்குதே! ஏன் லூர்தக்கா, உங்களுக்கு இது தெரியுமா?”

“தெரியும். கேட்டவங்களுக்கு எடுத்துக் குடுப்பேன். கேக்காதவங்ககிட்ட நானா எதுக்குச் சொல்லணும்?”

அவன் துணி மூட்டையை எடுத்து முகர்ந்தான். முகர்ந்தவன் அப்படியே நின்றுவிட்டான்.

“இது இன்னா?”

“வசம்பு. பூச்சி வராம இருக்க ஒவ்வொரு பெட்டிலயும் தட்டிப் போட்டு முடிஞ்சு வெப்பேன். வீட்ல கைக்குழந்தைக்கு வெப்பாங்களே, அதே...”

“மேடம்” என்றான் கன்னியப்பன். “கைக்குழந்தை.”

“தெரியும்” என்றாள் மேனகா. “பெட்டிய மூடுங்க லூர்துசெல்வி. எடுத்துட்டுப் போறோம். அதுக்கு முன்னாடி மஞ்ச அட்டைய குடுங்க. கையெழுத்துப் போட்டுட்டுத்தான் எடுப்பேன்.”

மூன்று மணிக்கு ஐந்து நிமிஷம் இருந்தது. செயலாளர் பேனாவின் மூடியைக் கழற்றித் தயாராக வைத்திருந்தார். லூர்துசெல்வியைப் பார்த்ததும் மறுபடி மூடினார்.

“ஒரே ஒரு சந்தேகம் சார்” என்று மேனகா நிறுவனரின் அட்டையை நீட்டினாள். “இந்த நம்பரக் கொஞ்சம் படிங்க.”

“எழுபத்தேழு. இதுல என்ன சந்தேகம்?”

“லூர்துசெல்வி?”

“பதினொண்ணு.”

மேனகா பதினொன்றாம் பெட்டியை மேஜைமேல் வைத்துத் திறந்தாள். ஜோசப் ஆனந்த் முதல் கடிதத்தைப் பார்த்தார், இரண்டாவதைப் பார்த்தார். மூன்றாவதில் ஒரு சொல்லிடம் வந்து நின்றார். கொஷோன். பன்றி. அவருக்குத் தெரிந்த பிரெஞ்சில் காலை வணக்கம் போக மீதி வசவுதான். ஊட்டியில் படித்தவர், காரோட்டிகளைத் திட்டுவதற்காகக் கற்றுக்கொண்டது.

“ஆக, கடிதங்கள் கிடைச்சுட்டுது” என்றார் மெல்ல. “நல்லது. நம்பரை யார் வேணும்னாலும் தப்பாப் படிக்கலாம்.”

“கண்டிப்பா. நான் படிச்சேன், கன்னியப்பனும் படிச்சான். ஆனா எங்க ரூம்ல வசம்பு வாசனை அடிக்கல.”

கன்னியப்பன் மூலைக்குப் போய், பரிசுப் பெட்டி ஒன்றைத் தூக்கி வந்து மூடியைப் பிரித்தான். தாத்தாவின் தலை எட்டிப் பார்த்தது. பொம்மை உடையாமல் இருக்கக் கழுத்துவரை காகிதச் சுருள்கள் திணித்திருந்தார்கள். மெஷினில் போட்டுக் கிழித்த மெல்லிய கீற்றுகள். பழுப்பேறிய காகிதம், நீல மசி. அறையெங்கும் பிள்ளை பெத்த வீடு கமழ்ந்தது.

“எதையும் வீணாக்காத மனுஷன்” என்றான். “திருடின பேப்பர்ல பார்சல் கட்டியிருக்காரு.”

செயலாளர் வாயைத் திறந்தபோது, இதுவரை பேசிய குரலைக் காணோம்.

“எங்க குடும்பத்துக்குள்ள இருந்த ரகசியம். பன்றின்னு தெரிஞ்சா இந்த ஊர் சிரிக்கும். அந்தப் பொண்ணு அஞ்சலி எழுதிப் புத்தகமாப் போட்டா உலகமே சிரிக்கும். ஞாயித்துக்கிழமை வந்து எடுத்தேன். மேலேயே தாத்தா பேரு இருந்தது, கொஷோன்னும் இருந்தது. அதுதான்னு நெனச்சுட்டேன்.” அவர் கீற்றுகளைப் பார்த்தார். “அப்போ... இது என்ன?”

மேனகா லூர்துசெல்வி பக்கம் திரும்பினாள்.

லூர்துசெல்வி ஒரு கீற்றை எடுத்து விரல்களுக்கு இடையில் நீவினாள். அதில் பாதிக் கட்டைவிரல் ரேகை இருந்தது.

“ஒரு புயலடிச்ச வருஷம் சார். கடலோரக் குப்பத்துல ஒரு வீடு மிஞ்சல. உங்க தாத்தா ஒன்பது நாள் அத்தனை பேருக்கும் சோறு போட்டாரு. அரிசி அவரு குடுத்தாரு. கறி எங்கேருந்து? பரிசு வாங்குச்சே, அந்த நாப்பத்திரண்டு பன்னி. ஒண்ணு மிச்சமில்லாம அறுத்துட்டாரு. அதுக்கு நன்றி சொல்லி அந்த ஊரு பங்குச் சாமியார் கவர்னருக்கு பிரெஞ்சுல எழுதினாரு. அறுபத்திமூணு குடும்பம், அறுபத்திமூணு கைநாட்டு. அவருக்குப் பட்டம் குடுத்தது கவர்மென்டு. அத நெஜமாக்கினது இந்தக் காயிதம்தான்.”

சுவரில் தாத்தா பதக்கத்தோடு முறைத்தார்.

“நகல் இருக்குமில்ல?” ஜோசப் ஆனந்தின் குரல் கிசுகிசுப்பாக வந்தது. “ஸ்கேன் பண்ணி வெச்சிருப்பீங்க இல்ல?”

“ஸ்கேனர் வேணும்னு மூணு தடவை மனு எழுதினேன் சார். மூணு தடவையும் தேவையில்லைன்னு நீங்கதான் எழுதி அனுப்பினீங்க.”

கன்னியப்பன் ஒரு பகடி தேடினான். கிடைக்கவில்லை. தாத்தாவுக்கு மூன்றாவது மனுவாவது பலித்தது என்று தோன்றியது. அதைச் சொல்லவும் நாக்கு எழவில்லை.

மேனகா அறிக்கையை எடுத்து மேஜைமேல் விரித்தாள். லூர்துசெல்வி என்று இருந்த ஆறு இடங்களிலும் அடித்து ஜோசப் ஆனந்த் என்று எழுதினாள். விற்றுவிட்டாள் என்பதைக் கிழித்துவிட்டார் என்றும், செவாலியே கடிதங்கள் என்பதைப் புயல் காகிதங்கள் என்றும் மாற்றினாள். கையெழுத்துப் போட்டாள். “மீதியெல்லாம் நீங்க எழுதினதுதான் சார். 'துரோகத்துக்கு மன்னிப்பே கிடையாது'ங்கற இடம் நல்லா வந்திருக்கு, அதத் தொடல. ஒரு பிரதி பிரின்சிபாலுக்கு, ஒண்ணு நிர்வாகக் குழுவுக்கு.”

கன்னியப்பன் மேஜைமேல் தயாராக இருந்த வேலைநீக்க உத்தரவை எடுத்து, மூலையில் இருந்த காகிதம் கிழிக்கும் மெஷினுக்குள் விட்டான். அது நன்றாகவே வேலை செய்தது.

வெளியே மைக்கை ஊதிப் பார்த்தார்கள். பாரீஸ் விருந்தினரின் கார் தெருமுனையில் திரும்புகிறது என்று யாரோ கத்தினார்கள். செயலாளர் நாற்காலியைவிட்டு எழவில்லை.

“பதினெட்டுப் பெட்டியும் எனக்கு வேணும் சார்” என்றாள் லூர்துசெல்வி. “ஒட்டிப் பாக்கறேன். எத்தனை வருஷம் ஆனாலும் ஆவட்டும். பொம்மைங்கள நீங்களே வெச்சுக்குங்க.”

அவர் தலையசைத்தார். போய்விடுவாள் என்று எதிர்பார்த்திருக்க வேண்டும். அவள் போகவில்லை. பையிலிருந்து ஒரு மஞ்சள் அட்டையை எடுத்து அவர் முன்னால் வைத்தாள்.

“பெட்டிய எடுத்தா இது வெக்கணும். யாரா இருந்தாலும்.”

அவர் பேனாவை எடுத்தார். பெட்டி எண் எழுதினார். பெயர் எழுதினார், செவாலியே சேர்க்காமல். தேதி எழுதினார். கையெழுத்துப் போட்டுவிட்டு அட்டையைத் தள்ளினார்.

“காரணம்னு ஒரு கட்டம் இருக்கு சார்.”

அவர் அந்தக் கட்டத்தை வெகுநேரம் பார்த்தார். பிறகு ஒரே ஒரு சொல் எழுதினார். மேஜைக்கு எதிர்ப்பக்கம் நின்ற கன்னியப்பன் அதைத் தலைகீழாகப் படித்தான்.

'தெரியாமல்.'

லூர்துசெல்வி மசி காயும்வரை ஊதினாள். பிறகு மாடிக்கு எடுத்துப்போய் எழுபத்தாறுக்கும் எழுபத்தெட்டுக்கும் நடுவில் வைத்தாள். காப்பகத்தில் எந்தக் காகிதத்தையும் எறிவதில்லை. அந்த அட்டையும் அங்கேயேதான் இருக்கிறது. கேட்கிறவர்களுக்கு அவள் எடுத்துக் கொடுக்கிறாள், கையெழுத்து வாங்கிக்கொண்டுதான்.